யாருடைய சம்பாத்தியம்?

என் அப்பா பத்திர எழுத்தர். மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் நடுவே ஒரு சின்ன ஊர். சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில், புங்கமரத்தை ஒட்டிச் சாய்ப்பு இறக்கிய ஒரு கடை. சாய்வு மேசை ஒன்று, பெஞ்சு இரண்டு. பள்ளிக்கூடம் விட்டதும் நேரே அங்கே போய்விடுவேன். அவர் எழுதி முடித்ததைக் கட்சிக்காரர்களுக்கு வாசித்துக் காட்டுவதைக் கேட்டுக் கேட்டு, எனக்கு ஒரு வாக்கியம் மனப்பாடம் ஆகியிருந்தது. சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் வாக்கியம் அது. 'என் சுய சம்பாத்தியத்தில் கிரயம் பெற்று, எனக்குப் பாத்தியப்பட்டு, என் அனுபவ சுவாதீனத்தில் இருந்துவரும்...' பாட்டன் பூட்டன் வழியில் வந்ததானால் பிதுரார்ஜிதம். தானே தேடியதானால் சுயார்ஜிதம். பூமியில் உள்ள நிலமெல்லாம் இந்த இரண்டு வழியில்தான் மனிதர் கைக்கு வருகிறது என்று அந்த வயதில் நம்பியிருந்தேன்.

ஒரு நாள் ஒரு கணவனும் மனைவியும் வந்திருந்தார்கள். மகள் கல்யாணத்துக்காக மூன்று மா நஞ்சையை விற்கிறார்கள். வாங்குகிறவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா மரத்தடியில் நின்றுகொண்டிருந்தார். அப்பா வாசித்துக்கொண்டே வந்து 'என் சுய சம்பாத்தியத்தில்' என்ற இடத்தைத் தாண்டியபோது, அவர் கணவரைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்: "எங்கப்பா போட்ட ஏழு பவுனையும் எழுதச் சொல்லுங்க."

அப்பா வாசிப்பதை நிறுத்தினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "நெலம் வாங்குறப்ப உங்க நகையப் போட்டுத்தான் வாங்குனீங்களாம்மா?"

"ஏழு பவுனும் போச்சு. அதுக்கப்புறம் ஆறு வருஷம் நானும் களை பறிச்சுக் கடன் கட்டுனேன்."

"அதையெல்லாம் இதுல எழுத எடமில்லம்மா. மூலப் பத்திரம் அவர் பேர்ல இருக்கு" என்றார் அப்பா. பிறகு சற்று யோசித்துவிட்டு, "நீங்க சாட்சிக் கையெழுத்துப் போடுங்க" என்று பேனாவை நீட்டினார். அந்த அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, எழுத்தெழுத்தாக, தாளை அழுத்திக் கையெழுத்துப் போட்டார். தான் பாடுபட்ட காசில் வந்த நிலத்துக்கு அவர் சாட்சியாக ஆனார்.

அன்றிலிருந்து சம்பாத்தியம் என்ற சொல் எங்கே கண்ணில் பட்டாலும், அதற்கு முன்னால் யார் நிற்கிறார்கள், யார் மரத்தடியில் நிற்கிறார்கள் என்று பார்க்கும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது.

*

சம்பாதி என்பது வடமொழியிலிருந்து வந்த வினை. அதன் வேரில் பணம் இல்லை. ஒன்றை நிகழச் செய்வது, உண்டாக்குவது, நிறைவேற்றிக் கைக்குக் கொண்டுவருவது என்பதுதான் மூலப்பொருள். சம்பத்து என்று செல்வத்தைச் சொல்கிறோமே, அதுவும் அதே வேரில் கிளைத்ததுதான். கைகூடி வந்தது சம்பத்து. கைகூடச் செய்வது சம்பாதிப்பது.

பக்கத்து மொழிகளுக்குப் போனால் இந்த வேர் எவ்வளவு பரந்தது என்று தெரியும். மலையாளத்தில் சம்பாத்தியம் என்றால் பெரும்பாலும் சேமிப்பு. தெலுங்கிலும் கன்னடத்திலும் நம்மைப் போலவே பணம் தேடுவதற்கு அந்த வினை உண்டு. ஆனால் அந்த இரண்டிலும், இந்தியிலும் மராத்தியிலும்கூட, ஒரு பத்திரிகையின் ஆசிரியருக்குப் பெயர் 'சம்பாதகர்'. தலையங்கத்துக்குப் பெயர் 'சம்பாதகீயம்'. கன்னடத்தில் பழைய ஏடுகளை ஒப்பிட்டுச் செம்மையாகப் பதிப்பிக்கும் துறைக்கே 'கிரந்த சம்பாதனை' என்று பேர். உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சுவடி தேடி, பாடம் ஒப்பிட்டு, 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவந்தாரே, அந்த வேலையைக் கன்னடக்காரர் சம்பாதனை என்றுதான் சொல்வார். சிதறிக் கிடந்ததைக் கூட்டிச் சேர்த்து, ஒரு முழுமைக்குக் கொண்டுவருதல்.

இன்னும் ஒன்று உண்டு. கன்னட வசனக் கவிஞர் அல்லமப் பிரபுவை நடுவில் வைத்து, வசனக்காரர்களின் உரையாடலாகத் தொகுக்கப்பட்ட 15ஆம் நூற்றாண்டு நூலின் பெயர் 'சூன்ய சம்பாதனெ'. சூனியத்தைச் சம்பாதித்தல். ஒன்றுமில்லாத ஒன்றை அடைவதற்கும் இந்தச் சொல்தான் அங்கே தேவைப்பட்டது. அந்தத் தலைப்பை முதன்முதலில் கேட்டபோது, அப்பாவின் மேசையில் அத்தனை வருடம் முத்திரைத்தாளுக்குள் அடங்கிக் கிடந்த சொல் எழுந்து நின்றதைப் போல இருந்தது.

தமிழிலும் அந்த விரிவு முழுதாக அழிந்துவிடவில்லை. பேச்சில் இருக்கிறது. நல்ல பேர் சம்பாதிக்கிறோம். கெட்ட பேரையும் சம்பாதித்துக்கொள்கிறோம். பாவத்தை, புண்ணியத்தை, பகையை, பொல்லாப்பை, வியாதியைக்கூட. "போன எடத்துல சும்மா இருக்காம வம்பச் சம்பாதிச்சுக்கிட்டு வந்திருக்கான்" என்று திட்டுகிறோம். இந்த வாக்கியங்களில் எல்லாம் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. பேரோ பகையோ, தனியாக இருக்கிறவனால் சம்பாதிக்க முடியாது. அதைத் தருவதற்கு எதிரே இன்னொரு மனிதர் வேண்டும். பணத்துக்கு வரும்போது மட்டும் அந்த எதிர் ஆளை மறந்துவிடுகிறோம்.

*

பணம் கைக்கு வருவதைச் சொல்ல நமக்கு வினைகளுக்குப் பஞ்சமே இல்லை. வியப்பு என்னவென்றால், தொகை ஒன்றாக இருந்தாலும் வினை மாறினால் மனிதனைப் பற்றிய தீர்ப்பே மாறிவிடும். பத்து லட்சம் சம்பாதித்தான் என்றால் ஊர் அவனை மதிக்கிறது. பத்து லட்சம் பார்த்துவிட்டான் என்றால், ஏதோ ஒரு வாய்ப்பில் கிடைத்தது, கெட்டிக்காரன் என்று பொருள். அடித்துவிட்டான் என்றால் சந்தேகம். சுருட்டிவிட்டான் என்றால் குற்றம். கறந்துவிட்டான் என்றால் எதிரே ஒரு மாடு நிற்கிறது. பிடுங்கிக்கொண்டான் என்றால் எதிரே ஓர் ஏழை நிற்கிறார். நீதிமன்றத்துக்குப் போகாமலே ஊர் தன் தீர்ப்பை வினைமுற்றில் எழுதிவிடுகிறது.

'காசு பண்றது' என்ற சொற்சேர்க்கையை எடுத்துக்கொள்ளுங்கள். "அவனுக்கென்ன, நல்லாக் காசு பண்றான்" என்று சொல்லும்போது குரலில் ஒரு சின்ன விலகல் வந்துவிடுகிறது. எந்தத் தொழில், எந்தப் பொருள் என்பதெல்லாம் பின்னுக்குப் போய், காசே உற்பத்திப் பொருளாக ஆகிவிட்டதைப் போன்ற தொனி. வள்ளுவரோ அதே பொருள்தரும் வினையைக் கூச்சமில்லாமல் எடுத்தாண்டவர். 76ஆம் அதிகாரத்துக்கு அவர் வைத்த பெயர் 'பொருள் செயல்வகை'. பொருளைச் 'செய்ய' வேண்டும் என்பதில் அவருக்குத் தயக்கமே இல்லை. அந்த அதிகாரத் தலைப்பில் எனக்குப் பிடித்தது கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'வகை' என்ற சொல். செய்வது சரி, எந்த வகையில் செய்தாய் என்று அது கேட்கிறது. வழி தெரிந்து, யாருக்கும் கேடு இல்லாமல் வந்த பொருள்தான் அறமும் இன்பமும் தரும் என்பது அவர் நிலை. இன்றைக்கு நாம் செயலை வைத்துக்கொண்டோம். வகையைக் கேட்பது நாகரிகமில்லை என்று ஆக்கிவிட்டோம். பெண் பார்க்க வந்தவர்களிடம் "பையன் என்ன சம்பாதிக்கிறார்?" என்று கேட்கலாம். "எப்படிச் சம்பாதிக்கிறார்?" என்று கேட்டுப் பாருங்கள், கூடத்தில் காப்பி ஆறிப்போகும்.

அதற்கும் முன்னால், சங்கப் பாடல்களில், பொருள் தேடுவது ஒரு பிரிவு. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாடல்களும் பாலைத்திணை. அவற்றில் பெரும்பகுதி பொருளுக்காகப் பிரிந்துபோகும் ஆணையும், வீட்டில் காத்திருக்கும் பெண்ணையும் பற்றியவை. அந்த ஈர்ப்புக்கு அவர்கள் வைத்த பெயர் பொருட்பிணி. பிணி என்றால் கட்டு, பிணி என்றால் நோய். போகிறவனின் காட்டுவழி, வெயில், ஆறலை கள்வர் எல்லாம் அந்தப் பாட்டில் உண்டு. காத்திருக்கிறவளின் நாட்களும் உண்டு. பொருள் தேடியவனின் கணக்கையும், அதற்காகக் காத்திருந்தவளின் கணக்கையும் ஒரே பாட்டில் எழுதிய மரபு நம்முடையது. பத்திரத்தில்தான் ஒருவர் கணக்கு விட்டுப்போயிற்று.

*

சம்பாதிப்பது என்ற சொல் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்ததில்லை. எங்கள் பக்கத்தில் இதைத் தினமும் கேட்கலாம். அலுவலகம் போகிறவர் சம்பளம் வாங்குகிறார். கடை வைத்திருப்பவர் சம்பாதிக்கிறார். வயலுக்குப் போகிறவர் 'கூலிக்குப் போகிறார்'. நடவும் களையெடுப்பும் அறுப்பும் செய்து வருடம் முழுவதும் ஊருக்குச் சோறு போட்டவர்களை யாரும் "நல்லா சம்பாதிக்கிறாங்க" என்று சொல்லிக் கேட்டதில்லை.

கூலி என்பது வேலைக்கான விலை. அந்த விலை எங்கள் மாவட்டங்களில் நெடுங்காலம் நெல்லாகத்தான் அளக்கப்பட்டது. களத்துமேட்டில் மரக்கால் யார் கையில் இருக்கிறதோ, குவித்து அளப்பதும் தலைதட்டி அளப்பதும் அவர் இஷ்டம். அந்த நெல்லில் இன்னும் கொஞ்சம் கூட்டி அளக்கச் சொல்லிக் கேட்டதில் மூண்ட பகைதான் கீழவெண்மணி வரை போயிற்று. 1968 டிசம்பர் 25 இரவு, ஒரு குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். மிகப் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். ஒரு சொல்லின் பொருளைப் பற்றி எழுதும்போது இதை எழுதாமல் தாண்டிப் போக என்னால் முடியாது. ஒருவருடைய உழைப்புக்குக் கூலி என்று பெயர், இன்னொருவருடைய வரவுக்குச் சம்பாத்தியம் என்று பெயர் என்றால், இரண்டுக்கும் நடுவில் இருக்கும் தூரம் அகராதி போட்டதில்லை.

சம்பளம் என்ற சொல்லுக்குச் சம்பா நெல்லும் அளத்து உப்பும் சேர்ந்தது என்று விளக்கம் சொல்வது வழக்கம். கேட்க நன்றாக இருக்கும். அகராதிக்காரர்கள் காட்டும் வழி வேறு. வடமொழியில் சம்பலம் என்றால் வழிப்பயணத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் சோறு. அது எனக்கு இன்னும் பொருத்தமாகப் படுகிறது. மாதத்தின் முதல் தேதியில் கையில் தரப்படுவது, அடுத்த முதல் தேதி வரை நடப்பதற்கான கட்டுச்சோறு. அதற்குமேல் அது ஒன்றும் இல்லை. ஊதியம் என்ற சொல்லும் இப்படித்தான் இடம் மாறியது. குறளில் ஊதியம் என்றால் இலாபம், பேறு, வாழ்ந்ததனால் கிடைக்கும் நற்பயன். இன்று அது ஊதியக் குழு, ஊதிய உயர்வு, ஊதியப் பட்டியல்.

நான் அரசுக் கல்லூரியில் வேலை பார்க்கிறேன். எங்கள் பணிப் பதிவேட்டில் 'ஈட்டிய விடுப்பு' என்று ஒன்று உண்டு. ஈட்டு என்ற பழந்தமிழ் வினை இன்றும் வாழ்ந்துகொண்டிருக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. வேலை செய்த நாட்களுக்கு ஈடாக, வேலை செய்யாதிருக்கும் நாட்களை நாங்கள் ஈட்டுகிறோம். பணத்தால் அளக்க முடியாததும் ஈட்டப்படும் பொருள்தான் என்பதை ஓர் அரசாங்கப் பதிவேடு ஒப்புக்கொள்கிறது. என் அம்மாவுக்கு அப்படி ஒரு பதிவேடு இருந்திருந்தால், 52 வருடத்தில் அவர் ஈட்டிய விடுப்பு எத்தனை நாள் இருக்கும் என்று ஒருமுறை கணக்குப் போட உட்கார்ந்தேன். போடாமலே எழுந்துவிட்டேன்.

*

யாழ்ப்பாணத்திலிருந்து புலம்பெயர்ந்த ஒரு தோழியிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வித்தியாசம் பிடிபட்டது. அவர் தன் அண்ணனைப் பற்றி, "அவர் கனடாவில நல்லா உழைக்கிறார்" என்றார். கஷ்டப்பட்டு வேலை செய்கிறார் என்று நான் புரிந்துகொண்டேன். அவர் சொன்னது, நிறையச் சம்பாதிக்கிறார் என்று. ஈழத்தமிழில் உழைப்பு என்றாலே வருமானம்தான். "மாசம் எவ்வளவு உழைக்கிறாய்?" என்று கேட்டால் தொகையைத்தான் சொல்ல வேண்டும்.

நம் பக்கம், "அவன் நல்லா உழைக்கிறான், ஆனா சம்பாதிக்கத் தெரியல" என்ற வாக்கியம் சர்வ சாதாரணம். அந்த வாக்கியம் யாழ்ப்பாணத்துக் காதில் தனக்குத்தானே முரண்படும். உழைப்புக்கும் வரவுக்கும் நடுவில் நாம் ஒரு பள்ளம் வெட்டி, அதன்மேல் பழகி நடக்கிறோம். அவர்கள் மொழியில் அந்தப் பள்ளம் இல்லை. வாழ்க்கையில் இல்லாமல் இல்லை. 1983க்குப் பிறகு ஐரோப்பாவிலும் கனடாவிலும் உணவகங்களின் பின்கட்டில் பாத்திரம் கழுவி, இரவில் துப்புரவு வேலை பார்த்து, இருபது வயதுப் பையன்கள் 'உழைத்து' அனுப்பினார்கள். அக்காமாரின் சீதனம், தம்பியின் பயணக்காசு, அம்மாவின் மருந்து, எல்லாம் அதில்தான். அந்த உழைப்பில் சுய என்ற முன்னொட்டுக்கு இடமே இருக்கவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பறவை நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊருக்குப் பக்கத்தில் வைத்தீஸ்வரன்கோயில். பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். சடாயுவும் அவன் அண்ணன் சம்பாதியும் பூசித்த தலம் என்று சொல்வார்கள். சின்ன வயதில் கோயிலில் அந்தப் பெயரைக் கேட்டபோது, பறவை எதைச் சம்பாதித்தது என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். வடமொழியில் இரண்டும் வேறு வேறு சொற்கள். பறவையின் பெயரில் இருப்பது பறத்தலைக் குறிக்கும் வேர். தமிழ் எழுத்து இரண்டையும் ஒரே உருவத்தில் எழுதுகிறது. அப்பா அந்த இலக்கணமெல்லாம் சொல்லவில்லை. கதையைச் சொன்னார். அண்ணனும் தம்பியும் சூரியனை நோக்கிப் பறந்தார்கள். தம்பியால் வெப்பம் தாங்க முடியவில்லை. அண்ணன் மேலே பறந்து, தன் சிறகை விரித்து அவனுக்கு நிழல் கொடுத்தான். சிறகு எரிந்து, கடலோரம் விழுந்து, நெடுங்காலம் பறக்க முடியாமல் கிடந்தான்.

வேர்கள் வேறென்று இப்போது தெரியும். ஆனாலும் அந்த எழுத்தொற்றுமையை என்னால் உதற முடிவதில்லை. வளைகுடாவுக்குப் போய் இருபது வருடம் கழித்துச் சர்க்கரை நோயோடு திரும்பிய எங்கள் தெரு அண்ணனைப் பார்க்கும்போது, சம்பாதி என்ற சொல் எனக்குப் பறவையாகத்தான் தெரிகிறது.

*

'சுய' என்ற முன்னொட்டுக்கு ஒரு சட்ட வரலாறு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில், இந்துக் கூட்டுக்குடும்பத்தில் ஒருவர் படித்து வக்கீலாகவோ அதிகாரியாகவோ ஆனால், அவர் வருமானம் அவருடையதா, குடும்பத்துடையதா என்ற வழக்குகள் நீதிமன்றங்களில் குவிந்தன. படிக்க வைத்தது குடும்பப் பணம். எனவே அந்தப் படிப்பினால் வந்த வரவும் குடும்பத்துக்கே என்பது ஒரு தரப்பு. 1891-இல் சென்னைச் சட்டசபையில் வி. பாஷ்யம் ஐயங்கார், கல்வியால் வரும் வருமானம் ஈட்டியவருக்கே உரியது என்று ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். பெரும் எதிர்ப்பு. அது சட்டமாகாமலே போயிற்று. 1921-இல் லண்டன் பிரிவி கவுன்சில், இந்திய சிவில் சர்வீஸ் அதிகாரி ஒருவரின் வருமானத்தைக்கூடக் கூட்டுக்குடும்பச் சொத்து என்றே தீர்ப்பளித்தது. கடைசியில் 1930-இல் வந்த இந்துக் கல்விப்பேறுகள் சட்டம்தான், குடும்பம் படிக்க வைத்திருந்தாலும் அந்தப் படிப்பால் வந்தது சுயார்ஜிதமே என்று முடிவு கட்டியது.

அந்தச் சட்டம் நியாயமானது. கூட்டுக்குடும்பத்தின் பிடியிலிருந்து தனிமனிதருக்கு அது விடுதலை கொடுத்தது. ஆனால் அது முடித்துவைத்தது சொத்து யாருக்கு என்ற கேள்வியை. ஒருவர் படித்து முன்னுக்கு வர யார் யார் தங்களைக் கரைத்துக்கொண்டார்கள் என்ற கேள்வி அதற்குள் அடங்கவில்லை. அந்தப் பழைய வழக்குகளில் பெரும்பாலும் ஆண்கள்தான் ஆண்களோடு மல்லுக்கு நின்றார்கள். விளக்கு வைத்துக் காத்திருந்து சோறு போட்டவர்களின் பங்கு அங்கே பேசப்பட்டதாகத் தெரியவில்லை.

அதைப் பேச இன்னும் 90 வருடம் ஆயிற்று. 2023 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு அளித்தார். கணவர் சவூதி அரேபியாவில் வேலை பார்த்து அனுப்பிய பணம். மனைவி ஊரில் வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டார். சொத்து யாருடையது என்று வழக்கு. வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பு இல்லாமல் கணவர் அந்தப் பணத்தைச் சம்பாதித்திருக்க முடியாது, எனவே அந்தச் சொத்தில் அவருக்கும் சரிபாதி உரிமை உண்டு என்றார் நீதிபதி. தீர்ப்புச் செய்தியை நாளிதழில் படித்த காலையில் எனக்கு மரத்தடியில் நின்ற அந்த அம்மாதான் நினைவுக்கு வந்தார். 'எழுத எடமில்லம்மா' என்று அப்பா சொன்ன இடம் ஒன்றை, ஒரு நீதிமன்றம் திறந்துவிட்டிருந்தது.

அதே வருடம் செப்டம்பர் 15-இல் தமிழ்நாட்டில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் திட்டம் தொடங்கியது. தொகையின் அளவைப் பற்றி விவாதிக்கலாம். நான் கவனித்தது அதன் பெயரை. உதவித்தொகை என்று வைத்திருக்கலாம். நம் அரசாணைகளுக்குப் பழகிய சொல் அது. 'உரிமைத் தொகை' என்று வைத்தார்கள். உதவி என்றால் கொடுக்கிறவர் கை மேலே இருக்கிறது. உரிமை என்றால் அது ஏற்கெனவே சேர வேண்டியது. எங்கள் தெருவில் அந்தப் பணத்தை எடுக்கப் போகும் பெண்கள் "ஆயிரம் வந்துருச்சு" என்கிறார்கள். 'சம்பாதிச்சேன்' என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. ஒரு சொல் ஒருவர் வாயில் ஏறுவதற்குத் தலைமுறைகள் ஆகும்.

எனக்கே அதில் அனுபவம் உண்டு. வேலைக்குச் சேர்ந்து முதல் சம்பளத்தை அப்பாவிடம் கொடுத்தபோது அவர் வாங்கத் தயங்கினார். பெண் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று ஊரில் ஒரு வசவு உண்டு. மகன் சம்பாத்தியத்தில் சாப்பிடுவது பெருமை, மகள் சம்பாத்தியத்தில் சாப்பிடுவது இழிவு. அவர் அந்த ஊரின் மொழியில்தானே வாழ்ந்தார். அம்மாதான் அந்தப் பணத்தை வாங்கி, சாமி மாடத்தில் வைத்துவிட்டு, "அவ சம்பாத்தியத்துல நாம சாப்பிடலிங்க. நாம போட்ட சோத்துலதான் அவ சம்பாதிக்கிறா" என்றார்.

*

சிறுபத்திரிகையில் எழுதும்போது இதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' இதழைத் தொடங்கினார். கல்லூரி கல்லூரியாகப் புத்தக மூட்டையைச் சுமந்துகொண்டு போய் விற்றார். வருமானக் கணக்கில் அவர் வாழ்க்கையில் எழுத ஒன்றுமில்லை. ஆனால் பக்கத்து மொழிக்காரர் ஒருவர் அவரைப் பார்த்தால் 'சம்பாதகர்' என்றுதான் அழைப்பார். சிதறிக் கிடந்த புதுக்கவிதைக் குரல்களைக் கூட்டிச் சேர்த்து முழுமைக்குக் கொண்டுவந்தவர் என்ற பொருளில், அந்த வேரின் அசல் பொருளில், அவர் சம்பாதித்தவர். தமிழ் அந்தச் சொல்லை அவருக்குக் கொடுக்க மறந்துவிட்டது.

*

அப்பா போய் மூன்று வருடமாகிறது. போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, வீட்டு வரி பெயர் மாற்றத்துக்காக, பீரோவிலிருந்து வீட்டுப் பத்திரத்தை எடுத்தேன். அப்பா கைப்பட எழுதியது. வீட்டை அம்மா பேருக்கு மாற்றிய தான செட்டில்மெண்டு. ஏதாவது வேறு மாதிரி எழுதியிருப்பார் என்று ஓர் ஆசையோடு வாசித்தேன். இல்லை. ஆயிரம் பேருக்கு எழுதிய அதே வாக்கியம். 'என் சுய சம்பாத்தியத்தில் மனை கிரயம் பெற்று, வீடு கட்டி...'

அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவருக்கு வருத்தமில்லை. "பத்திரத்துல அப்படித்தான் எழுதணும்" என்றார். பிறகு அடுப்படியிலிருந்தபடியே சொல்லிக்கொண்டு போனார். செங்கல் அடுக்கிய சுவருக்குக் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்ற வேண்டும். மூன்று வாரம். அப்போது வீட்டில் குழாய் கிடையாது. தெருக்கோடிக் கைப்பம்பில் அடித்து, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகக் குடம் சுமந்தார். நான் வயிற்றில் ஆறு மாதம். கொத்தனார்களுக்கும் சித்தாட்களுக்கும் மத்தியானச் சாப்பாடு நம் வீட்டில்தான் என்று பேச்சு. அதனால் கூலியில் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். ஒன்பது பேருக்கு, நாற்பத்தைந்து நாள். "ஒரே ஆளா ஆக்கிப் போட்டேன்" என்றார்.

ஆக்கி. எங்கள் பக்கத்தில் சோறு சமைப்பதற்கு அதுதான் சொல். சோறாக்கியாச்சா, கொழம்பு ஆக்கியாச்சா. பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் சொல்லை அன்றைக்குத்தான் கேட்டேன். ஆகச் செய்வது ஆக்குவது. இல்லாததை உண்டாக்கி, நிறைவேற்றிக் கைக்குக் கொண்டுவருவது. சம்பாதி என்ற வடசொல்லின் வேர்ப்பொருள் இதுதான். அதற்கு நேரான தமிழ் வினையைத் தேடி நான் ஈட்டு, தேடு, உழை, செய் என்று அலைந்துகொண்டிருந்தேன். அது அடுப்படியில் இருந்திருக்கிறது. வள்ளுவர் செல்வத்துக்கும் உயர்வுக்கும் சொல்லும் சொற்களில் ஒன்று ஆக்கம். அந்த ஆக்கமும் அம்மா ஆக்கிய சோறும் ஒரே வேரின் பிள்ளைகள்.

பத்திரத்தை மடித்து உறைக்குள் வைத்தேன். அதில் ஒரு சொல்லையும் நான் திருத்த முடியாது. பதிவாகி, முத்திரை விழுந்து, அப்பாவின் கையெழுத்தோடு இருக்கிறது. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். அந்த வீடு என் அப்பா சம்பாதித்தது. என் அம்மா ஆக்கியது. இரண்டு வினைக்கும் ஒரே பொருள்.

"சோறாக்கிட்டேன், வா" என்று கூப்பிட்டார் அம்மா.